ஒன்பதாவது கல்

பேரை வாவியில் தேயிலைப் பெட்டி ஏற்றிய வள்ளங்கள்
துறைமுகத்துக்கு நகரும் சத்தம் கேட்கும் தூரத்தில்
எங்கள் அச்சுக்கூடம். கொம்பனித்தெரு.

ஒரு நிறத்துக்கு ஒரு கல்.
ஜெர்மனியிலிருந்து வைக்கோல் சுற்றி வந்த கல்,
கன்றுக்குட்டிப் பாரம், மோர் நிறம்.
நெய்ப்பிசுக்கான கரிக்கோலால் அதில் வரைவேன்,
எல்லாம் இடம் வலம் மாறி.
என் கல்லில் இடக்கையால் கொழுந்து கிள்ளுகிறவள்
காகிதத்தில்தான் வலக்கைக்காரி ஆவாள்.
பிறகு பிசினும் திராவகமும். பிறகு தண்ணீர்.
நெய் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது,
தண்ணீர் பட்ட இடத்தில் மை ஒட்டாது.
ஒரே வளவில் பேச்சில்லாத இரு குடும்பம்போல
இரண்டும் கல்லில் குடியிருக்கும்.

இந்தச் சீட்டுக்கு ஒன்பது கல்.
மஞ்சள். பச்சை இரண்டு. வானத்துக்கும் மலைக்கும் வேறு வேறு நீலம்.
சேலைக்குச் சிவப்பு, உதட்டுக்கும் விடியலுக்கும் ரோசா, நிழலுக்குச் சாம்பல்.
கடைசியில் மண்ணிறம்:
அவள் முகம், கை, கூடை, கால்.

லோரன்ஸ் துரை விலைக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.
"எட்டுக் கல்லுக்குத்தான் காசு."
ரோசாவை விடலாம் என்றேன். வானம் விடியாமல் கிடக்கட்டும்.
அவர் மண்ணிறத்தில் விரலை வைத்தார்.
முகத்துக்கு மஞ்சளில் சிவப்புப் புள்ளி தெளித்தால் போதும்,
வாங்குகிறவர்களுக்கும் வெளிறினால்தான் பிடிக்கும்.
"காலுக்கு?"
"காலை ஆர் பார்க்கப் போறான்? புல்லை வளர்த்துவிடு."

வளர்த்தேன்.

முகத்துவாரத்து மணலைச் சலிப்பவள் அங்காயி.
பழைய படத்தைக் கல்லிலிருந்து அரைத்தெடுக்க அந்த மணல்;
ஒரு பருக்கை தப்பினாலும் கீறு விழும்.
டிம்புளையில் பன்னிரண்டு வருசம் கொழுந்தெடுத்தவள்.
ஏன் இறங்கி வந்தாள் என்று நாங்கள் கேட்டதில்லை.
உலரப்போட்ட மாதிரித் தாளின் முன்னால்
சல்லடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.
"இவளுக்குக் காலு இல்லீங்களே.
காலு இல்லாம மலை ஏறுறாளா?"
சக்கரத்தைப் பிடித்திருந்த துவான் கிச்சில் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை. சீலையை நாலு விரல் தூக்கினாள்.
அட்டை கடித்துக் காய்ந்த தழும்புகள்,
மிளகு கொட்டினாற்போல.
"மழைன்னா ஒரு நெரை முடியிறதுக்குள்ள ஒம்பது பத்து.
புடுங்கினா ரத்தம் நிக்காது.
கங்காணி நம்மள நிக்க விடமாட்டான்."
பிறகு சலிக்கப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம், எல்லோரும் போனபின்,
பச்சைக் கல் இரண்டிலும், புல்லுக்குள்,
கணுக்கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
ஊசியால் ஒரு கடுகளவு சுரண்டினேன்.
சிவப்புக் கல்லை வினாகிரி தடவி மறுபடி பசிக்கவைத்து
அதே இடத்தில் ஒரு சொட்டு.
மூலைச் சிலுவைக்குறிகள் பொருந்தினால்
சொட்டு ஓட்டையில் விழும்.

ஐப்பசி மழை. காகிதம் ஈரத்தில் ஊதியிருந்தது.
முதல் நூறு தாளில் ரோசா பிசகி
உதடு கன்னத்துக்குப் போயிற்று.
சிவப்பு பிசகவில்லை.

நாற்பதாயிரம் சீட்டு, பெட்டிக்கு ஒன்று,
பசை காயுமுன்னே வாவி வழியே போயின.
எனக்குப் பயமாய் இருந்தது. பிறகு பயமில்லை.
பிறகு, ஒருவரும் கவனிக்கவில்லையே என்று கோபம்.

பங்குனியில் லண்டன் ஏஜன்டின் கடிதம்.
துரை எழுந்து நின்று வாசித்தார்.
அச்சு திருப்தி. முகம் மெத்த நன்று.
விசேஷமாக, புல்லில் ஒற்றையாய்ப் பூத்திருக்கும்
அந்தச் சின்னச் செம்பூ
சீமாட்டிகளுக்குப் பிடித்துப்போயிற்று.
அடுத்த பதிப்பில் இன்னும் சில சேர்க்கலாமா?
காசு கூட்டித் தருவார்கள்.

"என்ன பூ அது?" என்றார் துரை.
பேர் தெரியாது என்றேன்.
காசு கூடினால் ஒன்பதாவது கல் எடுக்கலாமா,
கால் வரையலாமா என்றேன்.
புல் வடிவாய் இருக்கிறது, விடு என்றார்.

முற்றத்துக்குப் போய் அங்காயியிடம் கேட்டேன்,
மழை நாளில், ஒரு நெரைக்கு, எத்தனை என்றாய்?

சல்லடை நிற்கவில்லை.
"ஒம்பது. பத்துன்னே போடுங்க."